தாலி கட்டும் இடத்தில் நின்றுபோன டிஸ்க்

போன வாரம், இப்போது எடிட்டிங் வேலைக்கு வந்திருக்கும் இளசுகளான உங்களில் ஒருத்தி என் வீட்டுக்கு வந்திருந்தாள். நாவலூரில் பெரிய கம்பெனியில் வீடியோ எடிட்டர் வேலை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் நோட்டுப் புத்தகம் போல மெலிசான லேப்டாப். அலமாரியில் கிடந்த என் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, இத வெச்சி தேங்கா ஒடைக்கலாம் போலக் கீதே" என்றாள். உடைக்கலாம்தான், யார் இல்லையென்றது? ஆனால் இதற்குள் டிஸ்க் எழுதுகிற டிரைவ் இருக்கிறது, உன்னுடையதில் இல்லை, அதனால்தான் உன்னுடையது மெலிசு என்றேன். "டிஸ்க் இப்ப யாருக்குக்கா வேணும்?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதை இங்கே உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடி அறையில், கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்து பிழைத்தவள். நீங்கள் எடிட்டிங் என்பதை நாங்கள் மிக்ஸிங் என்போம். கேமராக்காரர்கள் எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, டிஸ்கில் எழுதிக் கொடுப்பேன். சுற்று வட்டாரத்தில் எல்லோரும் என்னை மிக்ஸிங் அக்கா என்றே கூப்பிடுவார்கள். என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, பெருமைதான்.

அந்த மிக்ஸிங்கின் ருசியே தனி. ரோஜா ஒன்று மெல்ல விரியும். அதற்குள்ளிருந்து மணப்பெண் எழுந்து வருவாள். தாம்பாளத்துத் தேங்காய் சுழன்று சுழன்று மாப்பிள்ளை முகமாக மாறும். ஜோடியை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போய்க் கடலோரத்தில் நடக்கவிட்டுப் படம் எடுத்து வருவார்கள். நான் அந்தக் கடலை அழித்துவிட்டுப் பின்னால் பனிமலையை வைப்பேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது. வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற கடலை அழித்துவிட்டு, நாங்கள் யாருமே பார்த்திராத ஒரு மலையை வைத்திருக்கிறோம். ஆனால் கேட்டது ஜனங்கள்தான். "அக்கா, பனி நல்லா கொட்டணும், எங்க நாத்தனாருக்குப் போட்டதவிட அதிகமா கொட்டணும்" என்று வந்து நிற்பார்கள். கொட்டிக் கொடுப்பேன். அந்த மாடி அறை, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நாதஸ்வரம், ஆறிப்போன டீ, பக்கத்தில் மாடு மாதிரி மூச்சு விடும் லேப்டாப். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. மறைக்க மாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது என் கடைசி வருஷங்களில் நடந்தது. அப்போதே எல்லோரும் பென்டிரைவுக்கு மாறிவிட்டார்கள். புது லேப்டாப்புகளில் டிஸ்க் போடும் இடமே இல்லாமல் வர ஆரம்பித்துவிட்டது. என்னுடையது மட்டும் பழசு. பேட்டரி எப்போதோ செத்துப்போய், மின்சாரம் இருந்தால் மட்டும் உயிரோடு இருக்கும்.

ஒரு நாள் காலையில் தனலட்சுமி என்ற பெண்ணும் அவள் அப்பா கன்னியப்பனும் மாடி ஏறி வந்தார்கள். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்து ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். பெண் மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவள். அவள் கல்யாண வீடியோ என் மிக்ஸிங்தான். புருஷன் வெளிநாட்டில் வெல்டர். கல்யாணம் முடிந்த மாதமே கிளம்பிப் போய்விட்டான். தனம் அவனோடு போய்ச் சேர விசாவுக்கு எழுதிப் போட்டாள். இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"ஏன் இல்லைன்னாங்க?" என்று கேட்டேன்.

"நீங்க போட்டுக் குடுத்த டிஸ்க்க பாத்துட்டுதான்க்கா" என்றாள் தனம். "கல்யாணத்துக்கு மொத நாளே ரெண்டு பேரும் மாலையும் கழுத்துமா மேடையில நின்னு கிஃப்ட்டு வாங்கினு கீறீங்களே, அது எப்டின்னாங்க. நம்ம ஊர்ல மொத நாள் சாயங்காலந்தான் ரிசப்ஷன் வெப்பாங்கன்னு சொன்னேன். அவங்க ஊர்ல கல்யாணம் முடிஞ்சாதானாம் ரிசப்ஷன். எழுதிக்கினாங்க. அப்பறம் பனிமல. இந்த நாட்டுக்கு எப்ப போய்ட்டு வந்தீங்க, பாஸ்போர்ட்ல ஒரு முத்திரையும் இல்லையேன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னியப்பன் சிரிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அதுங்கூடப் பரவால்லக்கா" என்றாள். "மேடைக்குப் பின்னால செவுத்துல ஒரு கடியாரம் கீதாம். தாலி கட்றதுக்கு மின்ன அந்தக் கடியாரம் திடீர்னு ஒரே தாவா தாவுதாம். நடுவுல இன்னா ஆச்சி, இத்த எப்ப எடுத்தீங்க, மேட போட்டு நடிச்சதான்னு கேட்டுட்டாங்க."

கன்னியப்பன் இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். அதை நான் பார்த்தேன். ஏன் என்று அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மறுபடி எழுதிப் போடலாம் என்று விசா வேலை பார்க்கிற ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். பாட்டு, கிராபிக்ஸ் எதுவும் இல்லாமல், ரிசப்ஷனிலிருந்து பந்தி வரை கேமராவில் எடுத்தது எடுத்தபடி, வரிசையாக, ஒரே டிஸ்கில் வேண்டும். பென்டிரைவை அங்கே வாங்க மாட்டார்கள். மனைவியை அழைத்துக்கொள்ள அந்தப் பையனுக்குக் கொடுத்த அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. நாளை மறுநாள் காலையில் காகிதங்களோடு டிஸ்கைக் கொடுத்தாக வேண்டும். இந்தத் தடவையும் இல்லை என்றால் ஒன்று அவன் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் இவள் இங்கேயே கிடக்க வேண்டும்.

"ஊர்ல இன்னா பேசறாங்க தெரிமாம்மா?" என்றார் கன்னியப்பன். "புருசங்காரன் வுட்டுட்டான், விசான்னு சொல்லிக்கினு திரியறாங்கன்னு பேசறாங்க. இவ கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கற எடத்துலியே பேசறாங்க."

தனம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பழைய படங்களை நான் அழிப்பதில்லை. அவள் கல்யாணத்தில் கேமரா எடுத்த அத்தனையும் ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் அத்தனையும் சாதாரண டிஸ்கில் அடங்காது. டபுள் லேயர் டிஸ்க்தான் வேண்டும். ஊர் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் இப்ப வர்றதே இல்லக்கா" என்றுவிட்டார்கள். என்னிடம் பழைய டப்பாவின் அடியில் இரண்டே இரண்டு இருந்தன.

டபுள் லேயர் என்றால் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஒரே பக்கத்தில் இரண்டு அடுக்கு. முதல் அடுக்கு நிறைந்ததும் மீதிப் படம் அடுத்த அடுக்குக்குப் போகும். ஓடவிட்டுப் பார்க்கும்போது, ஓர் அடுக்கிலிருந்து மற்றதுக்கு மாறுகிற இடத்தில் பிளேயர் திணறும். நல்ல பிளேயரில் கண் சிமிட்டுகிற நேரம்தான். மட்டமான பிளேயரில் படம் அப்படியே நின்று, ஒரு துள்ளு துள்ளி, அப்புறம்தான் நகரும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அன்றைக்கே உட்கார்ந்து, ஓட்டிப் பார்க்க நேரமில்லாமல், எடுத்த நேரத்தை மட்டும் வைத்துப் படத்தை எல்லாம் வரிசையாகக் கோத்துவிட்டேன். மறுநாள் டிஸ்கில் எழுத வேண்டியதுதான் பாக்கி. அந்த மறுநாள் பார்த்துச் செங்கல்பட்டில் பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்சாரம் கிடையாது. பேட்டரி செத்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அப்போதுதான் ஏழுமலை ஞாபகம் வந்தது. தனத்தின் கல்யாணத்தைப் படம் எடுத்த கேமராக்காரன் அவன்தான். முட்டி வலி வந்த பிறகு கேமராவை விட்டுவிட்டு, மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தான். போன் போட்டேன். "வாக்கா. இங்க கரண்டு கீது, இன்வெர்ட்டர் கீது, ரிசப்ஷன்ல டிவி, டிவிடி பிளேயருகூடக் கீது. கடல்காத்தும் வாங்கிக்கினு போ" என்றான்.

காலை பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அதைக் கைக்குழந்தை போலத் தூக்கிப் பிடித்தேன். திருக்கழுக்குன்றத்தில் அப்பாவும் பெண்ணும் ஏறிக்கொண்டார்கள்.

லாட்ஜில் ஏழுமலை மேசையைத் துடைத்து வைத்திருந்தான். லேப்டாப்புக்கு அடியில் காற்று போக வேண்டும் என்றேன். விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற குட்டி சோப்புகளை எடுத்து வந்து நாலு மூலையிலும் வைத்தான். இந்த மேசையில் யாரும் கை வைக்கக் கூடாது, முழங்கை ஊன்றக் கூடாது, அருகில் நின்று தும்மக்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டு, வேகத்தை ஆகக் குறைவாக வைத்து எழுத விட்டேன். எதிர்ப் பட்டறையில் சிலை செதுக்குகிற உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. லேப்டாப்பும் அதோடு போட்டி போட்டுக்கொண்டு உறுமியது.

ஒருவழியாக எழுதி முடித்து, எல்லாம் சரி என்று திரையில் காட்டியது. நல்லாக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதின மிஷின் சரி என்று சொல்வதை ஒருநாளும் நம்பாதீர்கள். தான் எழுதினதை அது படித்துவிடும். பார்க்கப்போகிறவர்கள் வீட்டில் எந்த மிஷின் இருக்கிறதோ அதில் ஓட வேண்டும். டிஸ்கை எடுத்து லாட்ஜின் டிவிடி பிளேயரில் போட்டேன்.

கன்னியப்பன் பெண்ணைப் பார்த்து, "நீ சொம்மா குந்திக்கினு இன்னா பண்ணப் போற, போயி கடலப் பாத்துட்டு வாம்மா" என்றார். அவளும் போனாள். தாலி கட்டுவதற்கு முன்னால், பழைய டிஸ்கில் கடிகாரம் தாவின இடத்துக்குப் படத்தைக் கொண்டுபோனேன். அதுதான் முக்கியம், அங்கிருந்து பார்க்கலாம் என்றேன்.

மேடை தெரிந்தது. பின்னால் சுவரில் கடிகாரம். ஆள் இல்லாத மணவறை. ஏழுமலை கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அதை அணைக்க மறந்து டீ குடிக்கப் போயிருந்தான். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அப்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடை முன்னால் வந்து நின்றார். மண்டப வாசலில் வைத்த டிஜிட்டல் பேனரில் இரண்டு பக்கத்து உறவுக்காரர்கள் போட்டோவும் இருக்கிறது, இவர் போட்டோ மட்டும் இல்லை. "நான் இல்லாத பேனரு, நான் இல்லாத கல்யாணமா? நிறுத்துங்கடா மேளத்த" என்றார். கன்னியப்பன் ஓடி வந்தார். சமாதானம் சொன்னார். மனிதர் அடங்கவில்லை. கடைசியில் கன்னியப்பன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். "என் பொண்ணு வாழ்க்கைங்க, என் பொண்ணு வாழ்க்கைங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ரொம்ப நேரம் கழித்து மாப்பிள்ளை, பாதி கட்டின வேட்டியோடு வெளியே வந்து, தாய்மாமனைத் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அப்புறம்தான் மேளம் மறுபடி ஆரம்பித்தது.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மிக்ஸிங் நேரத்தில் கன்னியப்பன் தனியாக வந்து, இது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கல்யாண வீட்டுச் சண்டையை எந்த மிக்ஸிங்கிலும் வைக்க மாட்டோம். வெட்டிவிட்டு அந்த இடத்தில் ரோஜாவை விரிய விட்டேன். ரோஜா விரிந்து முடிவதற்குள் சுவர்க் கடிகாரம் தாவிவிட்டது.

லாட்ஜ் சோபாவில் உட்கார்ந்து கன்னியப்பன் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. படத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறைக்கு வந்தார்கள். கெட்டிமேளம். மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

படம் நின்றுவிட்டது.

தாலி கையிலேயே இருந்தது. பிறகு ஒரு துள்ளு. பார்த்தால் தாலி கழுத்தில் இருந்தது, எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா, நின்னுட்ச்சி?" என்றார் கன்னியப்பன்.

அடுக்கு மாறுகிற இடம். சாஃப்ட்வேர் அதைத் தானாகப் படத்தின் நடுவில் வைத்துவிடும். நடுவில் என்ன வருகிறது என்று அதற்கு என்ன தெரியும்? இந்தக் கல்யாணத்தில் நட்டநடுவில் தாலி வந்து உட்கார்ந்துவிட்டது. ஏற்கெனவே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறவர்களுக்கு, அந்தத் துள்ளல் வெட்டு ஒட்டாகத்தான் தெரியும். தாலி கட்டவே இல்லை, ஒட்ட வைத்திருக்கிறார்கள் என்பார்கள். என்னிடம் இன்னும் ஒரே ஒரு டிஸ்க் இருந்தது. லேப்டாப்பின் அடியில் வைத்த சோப்பு சூட்டில் இளகி வாசம் அடித்தது.

ஏழுமலைக்கு யோசனை வேகமாக ஓடும். "அக்கா, அந்தப் பேனரு பேஜார வெட்டிடு. முன்பக்கம் கொறஞ்சிட்டா நடு தானா தள்ளிப் போய்டும். தாலியும் தப்பிச்சிடும், அண்ணாத்தைக்கும் மானம் தப்பிச்சிடும். ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடும்" என்றான்.

கணக்கு சரிதான். கன்னியப்பன் எழுந்து என் எதிரில் வந்து நின்றார்.

"ஆமாம்மா. வெட்டிடும்மா. அவளுக்கு இது தெரியாது. அப்ப உள்ள பொண்ணு ரூம்ல இருந்தா. இதுவரிக்கும் நான் சொல்லல."

அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. கை மவுஸுக்குப் போய்விட்டது. வெட்டுகிற கை, அதற்கு வெட்டத்தான் தெரியும். ஒரு சொடுக்கில் முடிந்துபோகிற காரியம். எதிரில் நிற்கிற மனிதரின் முகத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் வெட்டிவிடத்தான் தோன்றும்.

ஆனால் வெட்டினால் கடிகாரம் மறுபடி தாவும். போன தடவை எதைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்களோ அதையே மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தால் எப்படி? அதோடு எனக்கு இன்னொன்றும் தோன்றியது. நடிச்ச கல்யாணமா என்று அவர்கள் கேட்கிறார்கள். நடிக்கிற கல்யாணத்தில் பேனரில் போட்டோ இல்லை என்று எவனாவது சண்டை போடுவானா? நான் பனி கொட்டின இடத்தையெல்லாம்விட இந்த இடம்தான் நிஜக் கல்யாணம் என்று சொல்லும்.

"வெட்ட மாட்டேங்க" என்றேன். "வெட்டினா உங்க பொண்ணு போக முடியாது."

"தாலி நின்னுடுதேம்மா."

"அத நான் பாத்துக்கறேன்."

அவர் வாயைத் திறக்கும் முன் மீதியையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டால் அப்புறம் சொல்ல முடியாது. "இன்னொண்ணு. தனம் இதப் பாக்கணும். அவங்க கூப்பிட்டு இது யாரு, என்ன சண்டைன்னு கேட்டா, இவ முழிச்சிக்கிட்டு நின்னா, அவ்ளோதான். அவ கல்யாணத்துல நடந்தது அவளுக்கே தெரியலன்னு எழுதிடுவாங்க."

 "அவ பாக்கக் கூடாதுன்னுதான் கடலப் பாக்க அனுப்சேன்" என்றார் கன்னியப்பன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அவரே கடற்கரைப் பக்கம் நடந்தார்.

அவர் வருவதற்குள் நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிசப்ஷன் படத்தின் தரத்தை மட்டும் ஒரு பிடி குறைத்தேன். ஒரு விநாடிகூட வெட்டவில்லை. அதனால் முன்பக்கத்தின் எடை குறைந்து, முதல் அடுக்கில் இன்னும் கொஞ்சம் படத்துக்கு இடம் கிடைத்தது. அடுக்கு மாறுகிற இடத்தைக் கையால் பிடித்துத் தள்ளி, பந்தியில் கொண்டுபோய் வைத்தேன். நூறு பேர் சாப்பிடுகிற இடம். அங்கே படம் தடுக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? டிஸ்க் எங்கேயோ ஓரிடத்தில் தடுக்கத்தான் போகிறது. எங்கே தடுக்கலாம் என்று பார்த்து வைப்பதற்குத்தான் நம்மை மாதிரி ஆள் வேண்டியிருக்கிறது.

கடைசி டிஸ்கைப் போட்டேன். அப்பாவும் பெண்ணும் திரும்பி வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். பட்டறையில் வாங்கின கல் யானையை இரண்டு கையாலும் சுமந்துகொண்டு வந்தவர், சாவி கேட்பதற்காக அதை எங்கள் மேசையில் டம்மென்று வைத்தார். லேப்டாப் சோப்பிலிருந்து நழுவிக் குலுங்கியது. ஏழுமலைக்கு முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை, ஒரே பாய்ச்சலில் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டான். டிரைவ் உறுமி, நின்று, மறுபடி உறுமியது.  அந்த மனிதர் நாலைந்து தடவை மன்னிப்புக் கேட்டார்.  அந்த யானையை இறக்கி வைக்கக்கூட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. எழுதி முடிகிற வரை அது மேசையிலேயே நின்றது.

முடிந்ததும் டிவியில் போட்டு, இந்தத் தடவை முதலிலிருந்து பார்த்தோம். ரிசப்ஷனில் தனம் தன்னைப் பார்த்துத் தானே சிரித்தாள். "அய்ய, எவ்ளோ பவுடரு" என்றாள். பிறகு மேடை வந்தது. ஆள் இல்லாத மணவறை வந்தது. கன்னியப்பன் தரையைப் பார்த்தார்.

தனம் முழுசாகப் பார்த்தாள். அப்பா கையைத் தூக்கினபோது அவள் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். புருஷன் வெளியே வந்து தாய்மாமனை இழுத்துக்கொண்டு போனதையும் பார்த்தாள்.

"இத்த ஏம்பா எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

"சொன்னா நீ மணவறைக்கு வந்திருப்பியா?"

 "மாட்டேன்" என்றாள்.

"அதான் சொல்லல."

"அவுருகூடச் சொல்லலியேப்பா. தினம் போன்ல பேசறாரு."

"நாந்தான் சொல்ல வேணாம்னேன். ரெண்டு பேரும் சொல்ல வேணாம்னு அப்பவே பேசிக்கினோம்."

தனம் அழுதாள். ஏழுமலை டீ சொல்லப் போகிற சாக்கில் வெளியே போய்விட்டான். நானும் அழுதேன், எனக்கு என்ன, வயசாகிவிட்டது, யார் கேட்கப் போகிறார்கள்? அழுகையோடு அழுகையாகத் திரையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் வந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார், கட்டினார், முடிச்சுப் போட்டார், அட்சதை விழுந்தது. ஒரு தடங்கல் இல்லை. பந்தியில் ஒருவர் சாம்பார் ஊற்றும்போது மட்டும் கரண்டி அந்தரத்தில் நின்று, துள்ளி, இலையில் இறங்கியது.

டிஸ்கைக் கொடுத்தாயிற்று. சில நாள் கழித்து நேரில் வரச் சொல்லித் தனத்துக்கு அழைப்பு வந்தது. டிஸ்க் ஓடவில்லை என்று ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கன்னியப்பன் பயந்து, என்னையும் கூட வரச் சொன்னார். நான் போய் என்ன செய்துவிட முடியும்? உள்ளே போனைக்கூட விட மாட்டார்கள். இருந்தாலும் போனேன். சென்னையில் அந்த அலுவலகத்துக்கு எதிரே நடைபாதையில் நானும் அவரும் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் எங்களைப் போலவே நிறைய அப்பா அம்மாக்கள். கையில் பாஸ்போர்ட்டோடு வெளியே வந்தால் இல்லை என்று அர்த்தம், வெறும் கையோடு வந்தால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் என்று அவர்கள்தான் எங்களுக்குச் சொன்னார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் எல்லோரும் கையைத்தான் பார்த்தோம்.

தனம் பைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். கை தெரியவில்லை. கன்னியப்பன் விசா கிடைத்ததா என்று கேட்கவில்லை.

"அத்தப் பாத்தாங்களா?" என்றார்.

"பாத்தாங்கப்பா. அந்த எடத்துலதான் நிறுத்தி வெச்சிக்கினு கேட்டாங்க, யாரு இவருன்னு."

"இன்னா சொன்ன?"

"எங்கப்பான்னேன். ஏன் கும்பிடறாருன்னாங்க. எனக்காகன்னேன். பேனர்ல ஒருத்தரு போட்டோ இல்லாததுக்கு என் கல்யாணம் நின்னுடும்னு பயந்துக்கினு கும்பிடறாருன்னேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணியும் கேக்கலப்பா. பாஸ்போர்ட்ட அவங்களே வெச்சிக்கினாங்க."

கன்னியப்பனுக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டடத்தைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். தனம் பைலை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"போதும்பா" என்றாள். "எனக்காகக் கும்பிட்டது போதும்."

பிடித்த கையை அவள் விடவில்லை. அப்படியே அவரை ரோட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.